காதரை எறக்கி விட்ட ஜீப்பு

உமர் ஃபாரூக் பாயைத் தெரியுமான்னு ராயப்பேட்டையில நாலு பேரைக் கேட்டா, மூணு பேர் உதட்டைப் பிதுக்குவாங்க. நாலாவது ஆளு, "எந்த உமரு? டயர் கடையா, பிரியாணியா?"ன்னு நம்மளையே திருப்பிக் கேப்பான். ஆனா அவரு குரலைக் கேக்காத காது இந்தப் பக்கம் ஒண்ணு கிடையாது.

மயிலாப்பூர்ல கோலம் காயறதுக்குள்ள தெருவுக்குள்ள வண்டி நுழையும். "நாலு கிலோ நூறு ரூபா! நாசிக் வெங்காயம்மாஆ! உரிச்சா கண்ணு கலங்கும், வாங்கலன்னா மனசு கலங்கும்!" அது பாய். தி.நகர்ல, "மிக்ஸி ரிப்பேர், கிரைண்டர் ரிப்பேர், குக்கர்ல விசில் வரலியா, நாங்க வர்றோம்!" அதுவும் பாய், மூக்கை லேசா அமுக்கிக்கினு. அடையார்ல பழைய பேப்பர் வண்டியில ஒரு பொம்பளை கொஞ்சலா கூப்புடுதே, அதுவும் பாய்தான். அதை மட்டும் வெளியில சொல்லிக்க மாட்டாரு.

மார்க்கெட்டுக்குப் பின்னால, காதர் மொய்தீன் டெய்லர் கடை மாடியில பத்துக்குப் பத்து ரூம்பு. சுவத்துல எதிரொலி வராம இருக்க முட்டை அட்டை. ஒரு மைக்கு, ஒரு லேப்டாப், கீழ டெய்லர் மிஷின் நிக்கற நேரம் பாத்து ரெக்கார்டிங். அவ்ளோதான் ஸ்டூடியோ.

பாய்க்கு ஒரே ஒரு கண்டிஷன். மூணு மாசத்துக்கு ஒரு தபா வண்டியோட குரலை மாத்தியாகணும். வெங்காய வண்டி வெங்கடேஷ் ஒவ்வொரு தபாவும் மல்லு கட்டுவான்.

"இன்னா பாய், நல்லாத்தானே ஓடிக்கினு கீது? எதுக்கு மாத்தற?"

"நைனா, மொத மாசம் உன் வண்டி வந்தா எத்தினி கதவு தொறந்துச்சு?"

"பத்து."

"இப்போ?"

வெங்கடேஷ் தலையைச் சொறிவான். "மூணு."

"ஒரே குரலைக் கேட்டா தெருவுக்கு காது மரத்துப் போவும்டா. உன் வெங்காயம் பொன்னா இருந்தாலும் ஒருத்தி எட்டிப் பாக்க மாட்டா."

பாயோட வீட்டம்மா ஜைதூன் பீ இதைக் கேட்டா சும்மா இருப்பாங்களா? "வூட்டுல மட்டும் முப்பது வருஷமா ஒரே குரலு. அதான் ஜீ எனக்கும் காது மரத்துடுச்சு. நக்கோ, எனக்கு ஒண்ணும் விக்காதீங்க."

போன ஐப்பசியில ஒரு புதன்கிழமை, மாடிப்படியில செருப்புச் சத்தம். ஹெல்மெட்டைக் கழட்டாமலே ஒரு பொண்ணு எட்டிப் பாத்துச்சு.

"வெங்காய வண்டி குரல் நீங்கதானே சார்?"

புகார்னு நெனச்சு பாய் உஷாராயிட்டாரு. "சத்தம் ஜாஸ்தியாம்மா? கொறைக்கச் சொல்றேன்."

"ஐயோ இல்ல. எங்கம்மா தெனம் உங்க ஸ்பீக்கரோட பேரம் பேசறா. 'நூறுக்கு அஞ்சு கிலோ போடப்படாதா?'ம்பா. அது 'நாலு கிலோ'ன்னே சொல்லிண்டிருக்கும். 'பிடிவாதக்காரன்'னு திட்டிட்டு வாங்கிண்டு வருவா."

பொண்ணு பேரு சாருலதா. மயிலாப்பூர்காரி. அடையார்ல ஒரு ஆராய்ச்சி நிலையத்துல வேலை. என்ன ஆராய்ச்சின்னு கேட்டதுக்கு, "களை சார். நெல்லு வயல்ல மொளைக்கற புல்லு"ன்னுச்சு. அதுக்கும் வெங்காயத்துக்கும் என்ன சம்பந்தம்னு பாய் முழிக்கறதுக்குள்ள போனை எடுத்து ஒண்ணைப் போட்டு விட்டுச்சு.

பைக் சத்தம். நடுவுல கரகரன்னு ஒரு குரல். கரகரப்பு ரெக்கார்டிங்குதுதான், குரல் கணீர்னு கோயில் மணி.

"ஏய் புல்லே, எங்க ஓடற? மஞ்ச டின்னு வருது, மண்டைய குனி!" உடனே கீச்சுக் குரல்ல புல்லு: "அய்யய்யோ, மஞ்ச டின்னா? நான் எங்க ஆத்தா வூட்டுக்கே போறேன் மாமாஆ!" அப்புறம் மேளம் கொட்டின மாதிரி: "ஒரு டின்னு அடி! ஒரு தபா அடி! வருஷா வருஷம் மாத்தாம அடி!"

பாய் சேர்ல இருந்து எழுந்தே நின்னுட்டாரு.

"யம்மா! இது எங்க கெடச்சுது? இது நானு! தொண்ணூத்தெட்டு!"

"மதுராந்தகம் பக்கத்துல ஒரு பூச்சி மருந்துக் கடைக்காரர் இன்னமும் பைக்ல ஸ்பீக்கர் கட்டிண்டு போடறார் சார். அந்த 'மாமாஆ'ன்னு கடைசில ஒரு இழுப்பு இருக்கே, அது வெங்காயத்துலயும் இருக்கு. அதை வெச்சுண்டுதான் வந்தேன்."

இன்னொரு தபா போடுன்னாரு. இன்னும் ஒரு தபா. மூணாவது தபா புல்லோட கீச்சுக் குரலை இவரும் கூடவே பேசிப் பாத்தாரு. இப்போ அவ்ளோ மேல ஏறல. பாதியில உடைஞ்சு இருமல் வந்துடுச்சு.

அந்த ஜீப்பை நெனச்சா பாய்க்கு இன்னிக்கும் மூக்குல டீசல் வாசனை வரும். களைக்கொல்லி கம்பெனியோட விளம்பர ஜீப்பு, பச்சை பெயிண்டு, மேல ரெண்டு கூம்பு ஸ்பீக்கர். பாய்க்கு முப்பது வயசு. டிரைவர் செம்பியன், புளியந்தாங்கல்காரன், மதுராந்தகத்துல இருந்து உள்ள போகணும். சொந்தமா ரெண்டு ஏக்கரா. அதை அண்ணன்கிட்ட விட்டுட்டு ஸ்டியரிங் புடிச்சவன். காலைல செங்கல்பட்டு, மத்தியானம் உத்திரமேரூர். ஏரிக்கரை மேல ஜீப்பு போவும்போது மைக்குல ஒரு வார்த்தை விட்டா, தண்ணி மேல ஓடி எதிர்க்கரையைத் தொட்டுட்டு திரும்பி வரும். செம்பியன் சொல்வான், "பாய், உன் குரலுக்கு டீசலே வாணாம். தானா ஓடுது."

வெள்ளிக்கெழமையானா, யாரும் சொல்லாமலே எதாவது ஒரு பள்ளிவாசல் வாசல்ல பன்னெண்டரைக்கு ஜீப்பு நிக்கும். பாய் தொழுதுட்டு வர்றதுக்குள்ள செம்பியன் ரெண்டு போண்டாவைப் பேப்பர்ல சுத்தி இன்ஜின் பானெட்டு மேல வெச்சிருப்பான். சூடு ஆறக் கூடாதாம். அந்த போண்டாவுல ஆயில் எது, டீசல் எதுன்னு தெரியாது. அந்த ருசி அப்புறம் எந்தக் கடையிலயும் கெடைக்கல.

மொத ஊருல நடந்த கூத்து வேற. கம்பெனி ஒரு நோட்டீஸ் குடுத்து, இதைப் படிச்சா போதும்னுட்டாங்க. சுத்தத் தமிழு. "ஒரே மருந்தினை ஆண்டுதோறும் மாற்றாமல் அடிக்காதீர்." பாயும் நியூஸ் வாசிக்கற ஆளு மாதிரி தொண்டையைக் கனைச்சுக்கினு படிச்சாரு. கூம்பு ஸ்பீக்கருக்கு இந்த இலக்கணமெல்லாம் தெரியுமா? அது துப்பினது இப்படி: "மாற்றாமல் அடி... காதர்ர்ர்!"

களத்து மேட்டுல இருந்த ஒரு பெருசு துண்டை ஒதறிக்கினு எழுந்து வந்தாரு. "யாரு பாய் அந்தக் காதரு? அவரை எதுக்கு அடிக்கச் சொல்ற? பாவம், அவுரும் உங்க ஆளுதானே?"

செம்பியன் ஸ்டியரிங்குல தலையை வெச்சு சிரிச்சான் பாரு, ஹாரன் அமுங்கி ஊரே திரும்பிச்சு. பசங்க ஜீப்பு பின்னால "காதர் பாய்! காதர் பாய்!"னு ரெண்டு ஊரு தொரத்திச்சுங்க. ஏரிக்கரையில வண்டியை நிறுத்தி செம்பியன்தான் சொன்னான்: "பாய், மொதல்ல அந்தக் காதரை வண்டியில இருந்து எறக்கி உடு. அவன் இருந்தா வேலைக்கு ஆவாது."

பாய் எறக்கி விட்டாரு. நோட்டீஸை ஒடைச்சு, தட்டிக் கொட்டி, புல்லுக்கு ஒரு குரல், டின்னுக்கு ஒரு குரல் வெச்சு கட்டினதுதான் "மாத்தாம அடி". ஏரியா மேனேஜர் கேட்டுட்டு, "சூப்பர் பாய், வருஷா வருஷம் நம்ம டின்னையே மாத்தாம வாங்குவாங்க!"ன்னு கையைக் குலுக்கினாரு. கேசட்டு போட்டாங்க. மூணு ஜில்லா. அதுக்கப்புறம் பாய் எவ்ளோ குரல் குடுத்திருக்காரு, கல்யாண மண்டபம், கண்காட்சி, காணாமப் போன புள்ளைங்க அறிவிப்பு. ஆனா அவரோட ஒஸ்தி சரக்கு எதுன்னு கேட்டா யோசிக்காம அதைத்தான் சொல்வாரு.

காதர் வண்டியில இருந்து எறங்கினாரே தவிர செம்பியன் வாயில இருந்து எறங்கல. இன்னிக்கும் பாயை அவன் கூப்புடறது "காதரு".

பாய் சொன்ன எல்லாத்தையும் சாருலதா சிரிச்சுக்கினே கேட்டுச்சு. அப்புறம் போனைப் பையில வெச்சுட்டு மெதுவா ஆரம்பிச்சுச்சு.

"சார், இதே குரல்ல வேற ஒண்ணு பேசித் தரணும். இதுக்கு நேர் எதிர். 'மாத்தி அடிங்க'ன்னு."

"ஏன், இதுக்கு இன்னா?"

"அந்தப் பக்கம் பதினெட்டு ஊர்ல கேட்டேன் சார். ஏன் மருந்தை மாத்தவே இல்லைன்னு. பாதிப் பேர் பதிலே சொல்லலை. உங்க மாதிரியே பேசிக் காட்டினா. 'மாத்தாம அடி!' அதே மருந்து, வருஷா வருஷம். இப்போ அந்தப் புல்லு அதுக்கு சாகறதில்லை."

பாய்க்கு சுருக்குன்னுச்சு. "எம்மா, நான் மருந்து காய்ச்சல. குரல் குடுத்தேன். வெங்காயம் அழுகினா ஸ்பீக்கரையா புடிப்பாங்க?"

"தப்பு சொல்ல வரலை சார். வேற யார் சொல்லியும் அவா கேக்க மாட்டேங்கறா. உங்க குரலை நம்பறா. அதான்."

"ரெக்கார்டிங் ஃபுல்லு. அடுத்த மாசம் பாக்கலாம்"னு பாய் மைக்கைத் தொடைக்க ஆரம்பிச்சுட்டாரு. சும்மா இருந்த மைக்கு. பொண்ணு ஒரு சீட்டுல நம்பர் எழுதி வெச்சுட்டு எறங்கிப் போச்சு.

வெள்ளிக்கெழமை. ஜும்மா முடிஞ்சு பாய் செருப்பைத் தேடற நேரத்துக்கு கரெக்டா போன் அடிக்கும். போண்டா இல்லாட்டியும் செம்பியன் நேரம் தவற மாட்டான். டிரைவர் வேலை விட்டு, அண்ணன் போன அப்புறம் அந்த ரெண்டு ஏக்கராவை இவனே பாத்துக்கறான்.

"காதரு! இன்னா, மெட்ராஸுக்கு வெங்காயம் போட்டாச்சா?"

"போட்டாச்சு. உன் புல்லு இன்னா ஆச்சு?"

எப்பவும் இந்தக் கேள்விக்கு ஒரு கெட்ட வார்த்தை வரும். இன்னிக்கு வரல. "சாவல பாய். ரெண்டு தபா அடிச்சாச்சு. நெல்லு வாடுது, அது நிக்குது. பாக்கறதுக்கு நெல்லு மாதிரியேதான் கீது, அதே பச்சை, அதே ஒசரம். கிட்டப் போனா என்னையே மொறைக்குது."

"டோஸ் கம்மியா..."

"அதான் நாளன்னிக்கு ஞாயித்துக்கெழம காலைல டபுள் டோஸா அடிக்கப் போறேன். மஞ்ச டின்னுதான், வேற கைல தொட மாட்டேன். அதுக்கும் கேக்கலன்னா முடிஞ்சுது பாய். ரோட்டு மேல பிளாட்டு போடறவன் ரெண்டு வருஷமா பின்னாடியே வந்துகினு கீறான். கையெழுத்து போட்டுட்டு, உங்க ஊர்ல பெருங்குடி பக்கம் எதாவது ஆபீசுல வாட்ச்மேனா குந்திக்கறேன். இன்னா சொல்ற?"

பத்து வருஷமா இந்தக் கேள்விக்கு பாய் ஒரே பதில்தான் சொல்லிக்கினு இருந்தாரு. "மாத்தாம அடி!" அதே மெட்டுல, அதே மேளத்தோட. ரெண்டு பேரும் சிரிச்சுட்டு போனை வெப்பாங்க. இன்னிக்கு வாய் வரைக்கும் வந்த மெட்டு அங்கியே நின்னுடுச்சு.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் மருந்தைத் தொடாத. நான் சொல்றேன்."

"நீ எப்பலேந்து பாய் யோசிச்சு சொல்ற ஆளு ஆன?"

சனிக்கெழமை காலைல வெங்கடேஷ் வண்டியிலேயே முன் சீட்டுல ஏறி பாய் அடையார் போய்ட்டாரு. வழியெல்லாம் தன் குரல் தலைக்கு மேல வெங்காயம் வித்துக்கினு வருது, இவரு வாயைத் தொறக்கல.

ஆராய்ச்சி நிலையம்னா பெருசா ஒண்ணும் இல்ல. மொட்டை மாடியில பச்சை வலை, அதுக்குக் கீழ வரிசையா பிளாஸ்டிக் தட்டு, சேறு, புல்லு. ஒவ்வொரு தட்டுலயும் ஊர்ப்பேரு எழுதின குச்சி.

"இது குதிரைவாலிப் புல்லு சார்"னு சாருலதா ஒரு தட்டைக் காட்டிச்சு. "எங்காத்துல அம்மா சுகருக்குன்னு குதிரைவாலி பொங்கல் பண்றாளே, அதோட காட்டுத் தம்பி. அண்ணன் கடையில பாக்கெட்ல வரான், இவன் வயல்ல நெல்லு மாதிரி வேஷம் போட்டுண்டு நிக்கறான்."

"மிமிக்ரி பண்றான்னு சொல்லு"ன்னாரு பாய். "நம்ம ஜாதி."

மொத தட்டு, மருந்தே போகாத ஒரு ஊரோட வெதை. மஞ்ச டின் மருந்து ஒரு அளவு அடிச்சதுக்கே சுருண்டு கருகிக் கெடந்துச்சு. ரெண்டாவது தட்டு வேற ஊரு, பாதி செத்து பாதி நிக்குது. மூணாவது தட்டுக்கு நாலு மடங்கு அடிச்சிருக்காம். பளபளன்னு, தீபாவளிக்கு சட்டை போட்ட மாதிரி நிக்குது. பாய் குனிஞ்சு குச்சியைப் படிச்சாரு. புளியந்தாங்கல்.

"டபுள் டோஸ் அடிச்சா?"

"இது நாலு மடங்குக்கே அசையலை சார். டபுள் போட்டா நெல்லுக்குத்தான் கெடுதல்."

"நேத்து வரைக்கும் செத்துக்கினு இருந்த புல்லு எப்படிம்மா திடீர்னு?"

"திடீர்னு இல்ல சார். லட்சக்கணக்கான புல்லுல ஒண்ணு ரெண்டு பொறக்கும்போதே அந்த மருந்துக்கு அசராததா இருக்கும். மருந்து அடிச்சா மத்ததெல்லாம் போயிடும். அது மட்டும் நின்னு வெதை கொட்டும். அடுத்த வருஷமும் அதே மருந்து, மறுபடி அதோட கொழந்தைகள் மட்டும் நிக்கும். நடுவுல வேற மருந்து, இல்லேன்னா ஒரு போகம் உளுந்து, இல்லேன்னா பூக்கறதுக்கு முன்னாடி கையால பிடுங்கறது, எதையாவது மாத்திண்டே இருந்திருந்தா அதுக்கு இந்த வாய்ப்பே வந்திருக்காது."

பாய் அந்தத் தட்டையே பாத்துக்கினு நின்னாரு. வெங்காய வண்டிக்கு மூணு மாசம். அவரு போட்ட கண்டிஷன். ஒரே குரலைப் போட்டா கேக்கறவன் எல்லாம் கழண்டுக்குவான், காது குடுக்காதவன்தான் மிஞ்சுவான். வெங்கடேஷுக்கு எத்தினி தபா சொல்லியிருப்பாரு. வெங்காயத்துக்கு தெரிஞ்சது நெல்லுக்கு தெரியாமப் போச்சே.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில இருந்த டிரங்குப் பெட்டியை இழுத்தாரு. கேசட்டுங்க. ஒண்ணோட அட்டைக்குள்ள நாலா மடிச்ச நோட்டீஸ், மஞ்சளாப் போய். பிரிச்சாரு. அந்த வரி இருந்துச்சு. கடைசி வார்த்தையில "அடி" மட்டும் விட்டுட்டு, "க்காதீர்" மேல பென்சில்ல ஒரு கோடு. சின்னதா, நேரா, ஸ்கேல் வெச்ச மாதிரி. அவரு கை.

ஜைதூன் பீ தோளுக்கு மேல எட்டி, எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க. "மாற்றா... மல்... அடிக்கா... தீர். மாத்தாம அடிக்கக் கூடாதுன்னு தானே ஜீ போட்டிருக்கு?"

"ஆமா."

"நீங்க?"

"அதை வெட்டிட்டேன்."

"எதுக்கு?"

"சந்தம் உதைச்சுது ஜைதூன். காதர்னு கேட்டுச்சு. சிரிச்சாங்க." சொல்லும்போதே அவருக்கே அது எவ்ளோ சின்ன காரணம்னு தெரிஞ்சுது. "அடிக்காதீங்கன்னு மாத்தியிருந்தா போதும். தோணல. நல்லாருக்குன்னு மட்டும் தோணுச்சு."

அந்தம்மா நோட்டீஸை மடிச்சுக் குடுத்தாங்க. கேலி ஒண்ணும் வரல. அதுதான் பாய்க்கு பயமா இருந்துச்சு.

தப்பிக்க வழி இல்லாம இல்ல. புது விளம்பரம் வந்திருக்கு, மாத்தி அடிக்கணுமாம்னு செம்பியன்கிட்ட சொல்லிட்டா முடிஞ்சுது. பென்சில் கோடு டிரங்குக்குள்ள தூங்கும். மாடி ரூம்புக்குப் போய் மைக்கு முன்னால ஒத்திகை பாத்தாரு. அந்தக் கால மேனேஜர் குரல்ல ஒரு தபா: "செம்பியன், கம்பெனி பாலிசி மாறிடுச்சு!" டிவியில விவசாய நிகழ்ச்சி டாக்டர் குரல்ல ஒரு தபா: "அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே..." எல்லாம் கச்சிதமாத்தான் வந்துச்சு. சொந்தக் குரல்ல சொல்லிப் பாக்கலாம்னு வாயைத் தொறந்தாரு. அது எப்படி இருக்கும்னே ஞாபகம் இல்ல.

போனைப் போட்டாரு.

"இன்னா காதரு, யோசிச்சியா?"

"செம்பியா, நாளைக்கு அடிக்காத. நாலு மடங்கு அடிச்சாலும் சாவாது. உங்க ஊரு புல்லை இன்னிக்கு அடையார்ல தட்டுல பாத்தேன்." அப்புறம் நிறுத்தாம, மூச்சு விடாம, நோட்டீஸு, கோடு, எல்லாத்தையும் சொல்லிட்டாரு. மெட்டு இல்ல, மேளம் இல்ல.

அந்தப் பக்கம் செம்பியன் பம்புசெட்டை நிறுத்தினான்.

"நாந்தானே பாய் எறக்கி உடச் சொன்னேன்"னான்.

"நீ நோட்டீஸைப் பாக்கல. காதுல விழுந்ததை வெச்சு சொன்ன. நான் பாத்தேன். பென்சில் என் கையில இருந்துச்சு."

"ஆமா. நீ பாத்த. வருஷா வருஷம் உன்னைக் கேட்டுத்தானே பாய் அடிச்சேன்." போன் கட்டாயிடுச்சு.

பாய் மறுபடி கூப்புடல. மைக்கை ஆன் பண்ணி ஒண்ணே ஒண்ணு பேசி அவனுக்கு வாட்ஸப்புல அனுப்பினாரு. "நான் உமர் ஃபாரூக், ஜீப்புல வந்த பாய். ஒரே மருந்தை வருஷா வருஷம் மாத்தாம அடிக்காதீங்க. அன்னிக்கு நான் தப்பா சொன்னேன்." ரெண்டு நீல டிக்கு வந்துச்சு. பதில் வரல. சாயந்திரம் வரைக்கும் பேப்பர் வண்டிக்காரன் வந்து கெஞ்சியும் பாய் அந்தப் பொம்பளைக் குரலை எடுக்கல.

ஞாயித்துக்கெழமை காலைல ஆறரைக்கு போன் அடிச்சுது.

"மருந்து டேங்கைக் கழுவிக் கவுத்துட்டேன்"னான் செம்பியன். இன்னா ஏதுன்னு ஒண்ணும் கேக்கல. காதருன்னும் கூப்புடல. "உன் மெசேஜை டீக்கடையில போட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"ஒருத்தனும் நம்பல. 'இது பாய் கெடையாது, எவனோ பாய் மாதிரி மிமிக்ரி பண்றான்'றானுங்க. பாய் குரலு கணீர்னு இருக்குமாம், இது இருமுதாம். மருந்துக் கடைக்காரன் வேற பைக்கோட நேரா வந்து நின்னு பழசைப் போட்டான். அதான் பாயி, இது டூப்புன்னு முடிச்சுட்டானுங்க."

பாய்க்கு சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல. நாப்பது பேரு குரலைத் திருடின ஆளு. கடைசியில சொந்தக் குரலுக்கு டூப்புன்னு பேரு வாங்கியாச்சு.

"இப்போ இன்னா பண்றது?"

"இன்னா பண்றதா? வா. வந்து மூஞ்சிய காட்டு. எந்த வாயால சொன்னியோ அந்த வாயால சொல்லு. அந்தப் பொண்ணையும் கூட்டிக்கினு வா, மிச்சத்தை அது சொல்லட்டும். எந்தப் புல்லைப் புடுங்கணும், எதை மாத்தணும்னு எனக்கு மொதல்ல தெரியணும். இந்தப் போகம் போனது போவட்டும், பிளாட்டுக்காரனை தை மாசம் வரச் சொல்லிட்டேன்."

"கோவமா கீறியா?"

"கீறேன். கோவமா இருந்தா வரக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

எட்டு மணிக்கு காதர் மொய்தீன் கடை வாசல்ல வெங்கடேஷ் வண்டி நின்னுச்சு. வெங்காயத்தை எறக்கியாச்சு, வாசனை எறங்கல. பின்னால சாருலதா ஸ்கூட்டர்ல. காலடியில புளியந்தாங்கல் தட்டு, ஊர்க்காரங்களுக்குக் காட்ட. "அம்மா கேட்டா சார், வெங்காயக்காரர் இன்னிக்கு எங்க போறார்னு. சொன்னேன். 'அவனா? அவன் சொன்ன சொல்லை மாத்த மாட்டானே'ன்னா."

"இன்னிக்கு மாத்தறான்னு சொல்லு."

ஜைதூன் பீ தொண்டைக்கு சித்தரத்தையும் கல்கண்டும் பொட்டலம் கட்டிக் குடுத்தாங்க. நோட்டீஸ் பாயோட சட்டைப் பாக்கெட்டுல. செம்பியன் போன்ல லைன்லயே இருந்தான், எந்த வழியா வரணும்னு சொல்றதுக்கு.

"மைக்கு டெஸ்ட் பண்ணிக்க பாய், வழியில மக்கர் பண்ணுனா இன்னா பண்றது?"ன்னான் வெங்கடேஷ்.

பாய் மைக்கைப் புடிச்சாரு. நோட்டீஸைப் பிரிச்சு, பென்சில் கோட்டு மேல வெரலை வெச்சு, வெட்டாம, முழுங்காம, அந்த மொத ஊருல படிச்ச மாதிரியே படிச்சாரு.

"ஒரே மருந்தினை ஆண்டுதோறும் மாற்றாமல் அடிக்காதீர்!"

கூம்பு ஸ்பீக்கர் தெருவைப் பாத்து தன் வேலையைக் காட்டிச்சு. தையல் மிஷின் டக்குன்னு நின்னுச்சு. காதர் மொய்தீன் கழுத்துல இஞ்ச் டேப்போட வெளியில ஓடி வந்தாரு.

"இன்னா பாய் இது? காலங்காத்தால எதுக்கு என்னை அடிக்கச் சொல்லிக்கினு கீற?"

போன்ல இருந்து ஒரு சத்தம். மொதல்ல இருமல்னு பாய் நெனச்சாரு. இருமல் இல்ல. ஸ்டியரிங்குல தலையை வெச்சு சிரிச்ச அதே சிரிப்பு, ஹாரன் மட்டும் இல்ல.

"பாய்"னான் செம்பியன், மூச்சு வாங்கிக்கினு. "அந்தக் காதரு வண்டியில ஏறிட்டானா?"

"ஏத்திட்டேன்டா. முன் சீட்டு."